“இவளால பிள்ளை வளர்க்க முடியுமா?” – ஒரு கேள்வியின் நூறாண்டு

போன மழைக்காலத்தில் ஒரு தோழர் தொலைபேசியில் அழைத்தார். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகி மூன்று நாள். நம் மக்கள்தான். எதையும் இரண்டு முறை சொன்னால்தான் அந்தப் பெண்ணுக்குப் பிடிபடும், காசு எண்ணத் தெரியாது. ஊர் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. குழந்தைக்கு அப்பன் யார் என்று ஊருக்குத் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வார்டில் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி: “இவளால பிள்ளை வளர்க்க முடியுமா?” கேட்டவர்களில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒரு செவிலியர் உண்மையான கவலையோடுதான் கேட்டார். ஆனால் குழந்தையை இல்லத்தில் ஒப்படைக்கத் தாள் எழுதித் தயாராக இருந்தது. பக்கத்தில் பெருவிரல் வைக்க மை டப்பா. “உனக்கு என்ன வேணும்?” என்று அவளிடம் மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை. அவள் பிள்ளையை மார்போடு அணைத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குக் கேரி பக் நினைவாகவே இருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த ஓர் ஏழை வெள்ளைக்காரப் பெண். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அவளைப் பார்த்தும் இதே கேள்வி கேட்கப்பட்டது. பதிலை நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்தக் கதை தமிழில் அதிகம் எழுதப்பட்டதில்லை. நமக்கும் அதற்கும் என்ன என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கேரி பக்குக்கு முன்னால் ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் மாலரி மர அறுவை ஆலையில் கூலி வேலை செய்தவர். 1916ஆம் ஆண்டு அவர் வேலைக்காக வெளியூர் போயிருந்த நேரத்தில் ரிச்மண்ட் நகரத்தில் அவர் வீட்டுக்குள் போலீஸ் நுழைந்தது. வீட்டில் ஒழுக்கக்கேடான தொழில் நடக்கிறது என்பது குற்றச்சாட்டு. மனைவியையும் இரண்டு மூத்த மகள்களையும் ‘மந்தபுத்தி’ என்று முத்திரை குத்தி லிஞ்ச்பர்க் அருகில் இருந்த காலனிக்கு அனுப்பினார்கள். வலிப்பு நோயாளிகளுக்கும் மந்தபுத்திக்காரர்களுக்கும் என்று மாநில அரசு நடத்திய காப்பகம் அது. சின்னப் பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். சில மாதங்களில் காலனியின் கண்காணிப்பாளர் டாக்டர் ஆல்பர்ட் பிரிடி, மாலரியின் மனைவிக்கும் ஒரு மகளுக்கும் இனிப் பிள்ளை பிறக்காதபடி அறுவை செய்தார். அதற்கு அன்று எந்தச் சட்டமும் இல்லை.

மாலரி 1917ஆம் ஆண்டு பிரிடிக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத்துப் பிழைகள் நிறைந்த கடிதம். என்னைக் கேட்காமல் என் பெண்டாட்டியையும் மகளையும் அறுக்க நீ யார், நான் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன், அதை நிரூபிக்கவும் முடியும், நான் ஏழைதான் ஆனால் நீ செய்வது என்ன என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு விவரம் உள்ளவன் என்பது அதன் சாரம். இன்னொரு முறை இப்படி எழுதினால் கைது செய்யவைப்பேன் என்று பிரிடி பதில் போட்டார். மாலரி குடும்பம் வழக்குப் போட்டது. இழப்பீடு கிடைக்கவில்லை. இன்னொரு மகளை மட்டும் ஆட்கொணர்வு மனு போட்டு மீட்டார்கள். ஆனால் சட்டம் இல்லாமல் இனிக் கத்தியை எடுக்காதே என்று நீதிபதி பிரிடியை எச்சரித்தார். பிரிடி அதில் கற்ற பாடம் ஒன்றுதான்: கத்தி எடுக்க ஒரு சட்டம் வேண்டும்.

அந்தச் சட்டம் 1924 மார்ச் 20 அன்று வந்தது. பிரிடிக்கு நெருக்கமான வழக்கறிஞர் ஆப்ரி ஸ்ட்ரோட் எழுதிக் கொடுத்தது. அதே நாளில் வர்ஜீனியா ஆளுநரின் கையெழுத்தோடு இன்னொரு சட்டமும் வந்தது. அதன் பெயர் ‘இனத்தூய்மைச் சட்டம்’. வெள்ளையர் வெள்ளையரைத்தான் மணக்க வேண்டும், வேற்று ரத்தம் ஒரு துளி கலந்திருந்தாலும் அவர் வெள்ளையர் அல்ல என்றது அது. (மாநிலத்தின் பெரிய குடும்பங்கள் சில தங்களைப் போகஹொண்டாஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வாரிசுகள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு மட்டும் பதினாறில் ஒரு பங்கு வரை விலக்கு! ஆதிக்கத்தின் தூய்மை எப்போதும் இப்படித்தான், தன் வீட்டு வாசலில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.) ஒரே நாள், ஒரே பேனா. ஒரு சட்டம் யார் யாரை மணக்கலாம் என்றது, மற்றது யார் பிள்ளை பெறலாம் என்றது.

சாதியின் கீழே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரட்டைச் சட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தது 1916 மே 9. அப்போது அதே நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ‘யூஜெனிக்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ்’ என்ற நிறுவனம் மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தது. 1910இல் தொடங்கியது. நல்ல வித்து, கெட்ட வித்து என்று மனிதர்களைப் பிரித்து அட்டவணை போடுவதுதான் வேலை. அதன் முக்கியப் புள்ளி ஹாரி லாஃப்லின். யாரையெல்லாம் மலடாக்கலாம் என்று மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டம் எழுதிக் கொடுத்தவர்.

சட்டம் வந்த எட்டாம் நாள், 1924 மார்ச் 28 அன்று, கேரி பக்குக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. விவியன் என்று பெயர். இரண்டு நாள் கழித்து இங்கே வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்கான சத்தியாகிரகம் தொடங்கியது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை. காலத்தை நம் கணக்கில் நினைவு வைத்துக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

கேரிக்கு அப்போது பதினேழு வயது. தாய் எம்மா வறுமையில் வாடியவர், ‘நடத்தை சரியில்லை’ என்று பெயர் வாங்கியவர். 1920ஆம் ஆண்டிலேயே அவரைக் காலனியில் அடைத்துவிட்டார்கள். கேரி சிறு வயதிலேயே சார்லட்ஸ்வில் நகரத்தில் டாப்ஸ் என்ற குடும்பத்தின் வளர்ப்பு வீட்டுக்குப் போய்விட்டாள். வளர்ப்பு என்பது மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை. பள்ளியில் ஒழுங்காகத் தேர்ச்சி பெற்று வந்தவளை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அந்த வீட்டுக்கும் அக்கம்பக்க வீடுகளுக்கும் வேலை செய்ய வைத்தார்கள். 1923ஆம் ஆண்டு டாப்ஸ் வீட்டம்மாவின் உறவுக்காரப் பையன் அவளைப் பாலியல் வன்முறை செய்தான். வயிறு தெரிய ஆரம்பித்ததும் குடும்பம் நீதிமன்றத்துக்கு ஓடியது. பையன் மேல் புகார் கொடுக்க அல்ல, இந்தப் பெண்ணுக்கு மந்தபுத்தி, வலிப்பும் உண்டு, காலனிக்கு அனுப்புங்கள் என்று கேட்க. அனுப்பினார்கள். பிறந்த குழந்தையை அதே டாப்ஸ் குடும்பம் வைத்துக்கொண்டது.

பண்ணையார் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் கதை இது. ஊரும் நிறமும்தான் வேறு.

பிரிடி தேடிக்கொண்டிருந்தது இப்படி ஒரு குடும்பத்தைத்தான். புதிய சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய் நிற்குமா என்று பார்க்க ஒரு சோதனை வழக்கு தேவைப்பட்டது. தாய் காலனியில், மகள் காலனியில், பேத்தி தொட்டிலில். அப்போது புதிதாக வந்திருந்த அறிவுச் சோதனையை வைத்து எம்மாவின் ‘மன வயது’ எட்டுக்கும் கொஞ்சம் குறைவு, கேரிக்கு ஒன்பது என்று எழுதிக்கொண்டார்கள். பேத்தியும் அப்படித்தான் என்று காட்டிவிட்டால் ‘வித்திலேயே கோளாறு’ என்பது நிரூபணமாகிவிடும்.

1924 நவம்பர் 18 அன்று ஆம்ஹர்ஸ்ட் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை. ஒரே நாள். விவியனுக்கு எட்டு மாதம்கூட நிறையவில்லை. சமூகப் பணியாளர் ஒருவர் சாட்சிக் கூண்டேறி, அந்தக் குழந்தையின் பார்வையில் ஏதோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றார். யூஜெனிக்ஸ் ஆபீஸ்காரர் ஒருவரும் குழந்தையைப் பார்த்துவிட்டு, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை என்றார். லாஃப்லின் நேரில் வரவேயில்லை. கேரியை ஒரு தடவையாவது பார்த்ததுமில்லை. எழுத்து மூலம் சாட்சியம் அனுப்பினார். இவர்கள் தெற்குப் பகுதி வெள்ளையரில் சோம்பேறி, அறியாமை பிடித்த, உதவாக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று பிரிடி சொன்னதை அப்படியே திருப்பி எழுதியிருந்தார். மருத்துவ வார்த்தைகளுக்கு நடுவே வர்க்கத்தின் வசவு அம்மணமாக நிற்கிறது பாருங்கள். நம் மக்களைப் பற்றி ஊர்க்காரர்கள் சொல்கிற அதே மூன்று சொற்கள்.

கேரியின் தரப்பில் ஒரு வழக்கறிஞர் இருந்தார், இர்விங் வைட்ஹெட். ஒரு சாட்சியைக்கூட அவர் அழைக்கவில்லை. பள்ளிக்கூட ஆசிரியர்களைக் கூப்பிட்டிருக்கலாம், பதிவேட்டைக் கேட்டிருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்பதும் பிற்பாடு தெரிந்தது. அவர் ஸ்ட்ரோட்டின் பால்ய நண்பர், காலனியின் நிர்வாகக் குழுவிலேயே முன்பு உறுப்பினராக இருந்தவர். கேரி தோற்க வேண்டும் என்பதற்காகவே நியமிக்கப்பட்டவர் என்று சொன்னால் மிகையாகாது.

மேல்முறையீடு நடக்கும்போதே பிரிடி இறந்தார். அடுத்து வந்த கண்காணிப்பாளர் ஜான் பெல். அதனால் வரலாற்றில் வழக்கின் பெயர் ‘பக் எதிர் பெல்’. 1927 மே 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். பேச்சுரிமையின் காவலராகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் போற்றப்படும் பெரிய மனிதர். நாட்டில் சிறந்தவர்களையே போரில் உயிர் கொடுக்கச் சொல்கிறோம், இவர்களிடம் இந்தச் சின்னத் தியாகத்தைக் கேட்கக் கூடாதா என்று வாதித்தார். கட்டாய அம்மை குத்தும் அதிகாரத்துக்குள் கருக்குழாயை அறுக்கும் அதிகாரமும் அடங்கும் என்றார். மூன்று தலைமுறை மூடர்கள் போதும் என்று முடித்தார். பியர்ஸ் பட்லர் என்ற ஒரே ஒரு நீதிபதி உடன்படவில்லை. காரணம் எதுவும் அவர் எழுதிவைக்கவில்லை.

அந்தத் தீர்ப்புக்கு ஆறு வாரம் முன்புதான், மார்ச் 20 அன்று, மகாடில் அண்ணல் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். தொட்டால் தீட்டு என்ற ரத்தக் கணக்கை இங்கே ஒருவர் குளத்தில் கரைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே உலகத்தின் பெரிய ஜனநாயகம் ஒன்று அதே கணக்கைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது.

1927 அக்டோபர் 19 அன்று கேரிக்கு அறுவை நடந்தது. பிறகு வெளியே விட்டார்கள், வீட்டு வேலைக்குத்தான். மகள் திரும்பக் கிடைக்கவில்லை. இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அறுவையைப் பற்றியே பேசுகிறார்கள். இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளை அவளிடமிருந்து எடுத்தது நீதிமன்றம், சரி. பிறந்துவிட்ட பிள்ளையை எடுத்தது யார்? அதற்குத் தனியாக ஒரு வழக்கும் நடக்கவில்லை, விசாரணையும் நடக்கவில்லை, எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை. மந்தபுத்தி என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. தாய் என்ற இடத்திலிருந்து அவளை அந்தச் சொல் அழித்துவிட்டது.

விவியனைப் பற்றிச் சொல்கிறேன். டாப்ஸ் வீட்டில் வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள். சாதாரணமான, நல்ல மாணவி. 1931ஆம் ஆண்டு நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. 1932இல் அம்மை வந்து, அதைத் தொடர்ந்து குடல் அழற்சி வந்து இறந்துபோனாள். எட்டு வயது. ‘மூன்றாம் தலைமுறை மூடர்’ என்று நாட்டின் தலைசிறந்த நீதிபதி எழுதியது இந்தக் குழந்தையைத்தான். பிற்காலத்தில் பால் லொம்பார்டோ என்ற சட்ட வரலாற்றாளர் ஆவணங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். விவியனின் மதிப்பெண் பட்டியல், கேரியின் பள்ளிப் பதிவு, வழக்கறிஞர்களுக்கு இடையே இருந்த உறவு எல்லாம் வெளியே வந்தன. மூன்று தலைமுறையிலும் மூடர் என்று யாரும் இருந்ததில்லை. முதுமையில் கேரியைச் சந்தித்தபோது அவர் தினமும் பத்திரிகை படித்துக்கொண்டும், தோழி ஒருவருக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போட உதவிக்கொண்டும் இருந்ததாக லொம்பார்டோ எழுதியிருக்கிறார்.

தங்கை டோரிஸின் கதையையும் சொல்ல வேண்டும். அவருக்கும் காலனியில் அறுவை செய்தார்கள். குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னார்கள். கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை வேண்டும் என்று வருடக்கணக்காகக் கணவனும் மனைவியுமாக வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1983இல் கேரி இறந்தார். சார்லட்ஸ்வில்லில் மகள் இருக்கும் அதே இடுகாட்டில் அடக்கம். வர்ஜீனியா அந்தச் சட்டத்தை 1974இல்தான் நீக்கியது. அதற்குள் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் எட்டாயிரத்துக்கு மேல், நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல். 1933இல் ஹிட்லரின் அரசு கொண்டுவந்த மலடாக்கும் சட்டம் லாஃப்லினின் மாதிரியைப் பார்த்து எழுதப்பட்டது. 1936இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இனத்தூய்மைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1967இல் அடித்து நொறுக்கியது. ‘பக் எதிர் பெல்’ தீர்ப்பை மட்டும் அது இன்றுவரை நேரடியாக ரத்து செய்யவில்லை.

பின்னாளில் கத்தி யார் பக்கம் திரும்பியது என்பது நமக்குத் தெரிந்த கதை. 1973இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்காமரி நகரத்தில் ரெல்ஃப் என்ற கறுப்பினக் குடும்பத்தின் இரண்டு சிறுமிகள், பதினான்கும் பன்னிரண்டும் வயது. இளையவள் மாற்றுத்திறனாளி. அரசு நிதியில் நடந்த கிளினிக்கிலிருந்து வந்தவர்கள் தாயிடம் ஒரு தாளை நீட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய், ஏதோ ஊசி போடப்போகிறார்கள் என்று நினைத்து ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். இரண்டு பெண்களையும் மலடாக்கி அனுப்பினார்கள். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர் போடும் குறிக்கு ‘சம்மதம்’ என்று பெயர் வைப்பது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

இந்தச் சரக்கு நம் ஊருக்கும் இறக்குமதியானது. 1920களின் இறுதியில் சென்னையில் மால்தூசியர் சங்கம் அமைத்தவர்கள் உயர் நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற மேட்டுக்குடியினர். ஏழைகள் பெருகினால் நாடு கெடும் என்ற கவலை அவர்களுக்கு. அதே காலத்தில் பெரியாரும் கர்ப்பத்தடையைப் பேசினார். ஆனால் மற்றவர்கள் நாட்டுக்காகவும் சொத்துக்காகவும் கேட்கிறார்கள், நான் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறேன் என்று கோடு கிழித்துப் பேசினார். அந்தக் கோட்டின் அருமை கேரி பக்கின் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவளுடையது.

சாதி இனத்தைத் தூய்மையாக வைக்கும் விஞ்ஞானம் என்று அன்று வாதாடியவர்களுக்கு ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் பதில் சொல்லியிருக்கிறார். கலப்பு மணத்தைத் தடுப்பது ரத்தத்தைக் காக்க என்றால் சேர்ந்து சாப்பிடுவதைத் தடுப்பது எதற்கு, சோற்றாலா ரத்தம் கலக்கும் என்பது அவர் கேட்டதன் சாரம். இவ்வளவு நூற்றாண்டு வித்துப் பொறுக்கிய பிறகும் நாட்டில் பத்தில் ஒன்பது பேர் பட்டாளத்துக்குத் தகுதியில்லாத உடம்போடுதானே இருக்கிறார்கள் என்றும் குத்திக் காட்டுகிறார். வாதத்துக்கு அது கூர்மையானது. இன்று ஒரு மாற்றுத்திறனாளித் தோழரோடு உட்கார்ந்து அந்தப் பகுதியைப் படித்தால் கொஞ்சம் உறுத்தும் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பலவீனமான உடலை அவமானமாகப் பார்க்கும் அந்தக் காலத்து மொழி எதிராளியின் கையிலும் இருந்தது, அண்ணலின் கையிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

இந்தியாவில் வர்ஜீனியா போல ஒரு சட்டம் வரவில்லை. சட்டம் இல்லாமலே வேலை நடந்தது. 1994 பிப்ரவரியில் மகாராஷ்டிராவில் சிரூர் என்ற ஊரின் அரசு காப்பகத்திலிருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களைப் புனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கருப்பையை அகற்றினார்கள். மாதவிலக்கு நாட்களில் சுத்தமாக வைத்திருக்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்த பிறகுதான் நின்றது.

பிறகு 2009, சண்டிகர். பெற்றோர் இல்லாத, இருபது வயதை ஒட்டிய பெண். லேசான அறிவுசார் குறைபாடு. அரசு காப்பகத்தில் இருந்தவரை அங்கே வேலை செய்தவர்களே பாலியல் வன்முறை செய்தார்கள். மே மாதம் கர்ப்பம் தெரிந்தது. பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தை வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, கர்ப்பம் தொடரலாம் என்று குழு சொன்னது. அப்படியும் ஜூலை 17 அன்று கருவைக் கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடிப்படையில் அதே கேள்விதான்: இவளால் பிள்ளை வளர்க்க முடியுமா?

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நான்கே நாளில் தடை. ஆகஸ்ட் 28 அன்று விரிவான தீர்ப்பு. சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கு என்று அதற்குப் பெயர். அமர்வில் மூன்று பேர், தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி சதாசிவமும் ஒருவர். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு, வயது வந்த பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவள் கருவில் கை வைக்க முடியாது என்றது தீர்ப்பு. இத்தகையவர்களும் நல்ல பெற்றோராக இருக்க முடியும் என்றது. வித்துக் கோளாறு தலைமுறைக்குத் தலைமுறை போகும் என்ற யூஜெனிக்ஸ் கோட்பாட்டைப் பெயர் சொல்லியே நிராகரித்தது. அதன் பேரால் கட்டாய மலடாக்கலும் கருக்கலைப்பும் நடந்திருக்கின்றன என்றும் நினைவூட்டியது. ஹோம்ஸுக்கு எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பதிலாகவே அதை நான் படிக்கிறேன். அவ்வாண்டு டிசம்பரில் அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டியிருந்திருக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 23ஆம் பிரிவு, குழந்தையின் குறைபாட்டைக் காரணம் காட்டியோ பெற்றோரின் குறைபாட்டைக் காரணம் காட்டியோ அவர்களைப் பிரிக்கக் கூடாது என்கிறது. இரண்டு பக்கமும் காப்பு. அதை நடைமுறைப்படுத்த வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின்றிப் பிரிக்கக் கூடாது என்பது மட்டும் இருக்கிறது. மாற்றுத்திறனாளித் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிப்பது பற்றிய பாதி காணாமல் போய்விட்டது. கடும் குறைபாடு என்று மருத்துவர் சொல்லிக் காப்பாளரும் சம்மதித்தால் அந்தப் பெண்ணைக் கேட்காமலே கருவைக் கலைக்க 92ஆம் பிரிவு வழி விட்டிருக்கிறது. ‘கடும்’ என்பதை அளக்கும் கோல் யார் கையில்?

இதைவிடப் பெரிய ஓட்டை அதற்கு ஓராண்டு முன்பு வந்த சிறார் நீதிச் சட்டத்தில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டம், 38ஆம் பிரிவு. மனவளர்ச்சி குன்றிய பெற்றோரின் குழந்தையையும், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் வேண்டாம் என்று விடும் குழந்தையையும் தத்துக்கொடுக்கத் தகுதியானது என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்கலாம், வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் சரி என்கிறது. முதலில் சொல்லப்பட்டவர் விஷயத்தில் ‘வேண்டாம் என்று விடும்’ என்ற சொல்லைக்கூடப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். வன்முறைக்கு உள்ளான பெண் வேண்டாம் என்றால்தான் அவள் குழந்தை போகும். அறிவுசார் குறைபாடு உள்ள தாய் வேண்டும் என்று கதறினாலும் போகலாம். கேரி பக்கும் சண்டிகர் பெண்ணும் இந்த ஒரே வாக்கியத்துக்குள் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

அன்று வார்டில் அந்தத் தாளை நான் வாங்கிப் படித்தேன். எந்தப் பிரிவு என்று அதில் எழுதியிருக்கவில்லை. தாய்க்குப் புரியும்படி விளக்கிச் சொல்லப்பட்டது என்று மட்டும் தட்டச்சு செய்திருந்தது. யார் விளக்கியது என்று கேட்டேன், பதில் இல்லை. அதற்குள் அந்தப் பெண்ணின் பாட்டி வந்துவிட்டார், எழுபது வயதிருக்கும், சூளையிலிருந்து நேராக வந்த கோலம். “என் பேத்திய நான் வளத்தேன். அவ பிள்ளைய அவளும் நானுமா வளப்போம். சாமி, நீங்க யாரு கேக்கறதுக்கு?” என்றார். ஜார்ஜ் மாலரியின் கடிதத்தை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

மை டப்பாவை மூடி எடுத்துப் போனார்கள். அதன் பிறகு இரண்டு தடவை விசாரிக்க ஆள் வந்தது. குழந்தைக்குக் குளிக்க வைக்கத் தெரியுமா, பால் எத்தனை மணிக்கு, காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். அங்கன்வாடியில் எடை போட்ட அட்டையைப் பாட்டி எடுத்துக் காட்டியிருக்கிறார். சூளையில் முன்பணம் வாங்கியிருக்கிறார்களே, அதை எப்படி அடைப்பாய், இந்தக் கூரை மழைக்கு ஒழுகுகிறதே, உதவித்தொகைக்கு எழுதிப் போட்டு வருடமாகிறதே என்று எதுவும் கேட்கவில்லை. கோப்பு இன்னும் மூடப்படவில்லை. குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிறது, தவழ ஆரம்பித்திருக்கிறது.